காது எந்தப் பக்கம்?

லெம்ஹை பள்ளத்தாக்கு, ஐடஹோ
1996 ஆகஸ்ட் 2

கொழுந்தன் டெல்மருக்கு,

உறையின்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இங்கே யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. எனக்குச் சீட்டு விழுந்திருக்கிறது!

காப்பர் கெட்டில் ஓடை. வில் வேட்டை. ஒரு கடா எல்க் மான். நாம் மூவரும் போன காலத்தில் அந்த ஓடைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். இப்போது குலுக்கல் போட்டுத்தான் விடுகிறார்கள். உன் அண்ணன் கிளீட் போன பிறகு கோடைக்குக் கோடை எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வருஷம் வந்தேவிட்டது. தபால்காரி வண்டியை நிறுத்தி, "என்ன ஆர்டித்தம்மா, நடுரோட்டுல ஆடுறீங்க?" என்றாள். அவளையும் கீழே இறக்கி ஒரு சுற்று சுற்றவிட்டுத்தான் அனுப்பினேன்.

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்தைந்தில் நீ செய்தது எனக்கு மறக்கவில்லை. நான் மேட்டுப் பக்கம், விழுந்து கிடந்த பைன் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதல் இல்லாமல் வெறும் வாயாலேயே பெட்டை மானின் குரலில் கூப்பிட்டேன். நீ கீழே ஓடைக்கரையில் நின்று கடா மாதிரி எக்காளம் இட்டாய். கிளீட் எதிர்ச்சரிவில் பைனாகுலரோடு இருந்தான். கடா வந்தது, நீ எய்தாய். நன்றாகத்தான் எய்தாய், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் வீட்டு வழக்கம் என்ன? கொம்பு எய்தவருக்கு. மேல்வாயில் இருக்கிற இரண்டு தந்தப் பற்கள் கூப்பிட்டவருக்கு. உன் அப்பா வைத்த வழக்கம் அது. பல்லைக் கொடு என்று கேட்டேன். நீ சிரித்தாய். "மதினி, அது எங்கூடச் சண்டைக்கு வந்த கடா. உங்க கிறீச்சுக்கு வர அதுக்கென்ன பைத்தியமா?" என்றாய். அப்போது உன் மீசையில் வேர்க்கடலை வெண்ணெய் ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிளீட்டை அடக்கம் செய்த அன்றுகூட, வந்தவர்கள் முன்னால் கேட்டேன். வாயைத் திறக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாய். நெவாடா வரைக்கும் போய்விட்டாய்.

இப்போது விஷயம். பனிக்காலத்தில் என் தோளைத் திறந்து ஏதோ செய்யப்போகிறார்கள். அதற்குப் பிறகு வில்லை இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். ஆக எனக்கு இந்த ஒரு செப்டம்பர்தான். கூப்பிடுவதும் நான், எய்வதும் நான். கொம்பும் எனக்கு, பல்லும் எனக்கு. பாதி கேட்டு யாரும் வரக்கூடாது.

கடையில் ஒரு சுவர் முழுக்க ஊதல்கள் தொங்குகின்றன. அண்ணத்தில் ஒட்டிவைக்கிற லாடம், கடித்து ஊதுகிற பீப்பி, நெளிநெளியாகக் குழல். எதை எடுத்தாலும் கடைக்காரன், "சூப்பரா இருக்கும் பாட்டி" என்கிறான். இந்தப் பள்ளத்தாக்கில் உன்னைவிட நன்றாக மானைக் கூப்பிட்டவன் கிடையாது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எதை வாங்கட்டும்? மேல்வரிசைப் பல் மொத்தமும் போய்ப் பிளேட் மாட்டியிருக்கிறேன், அதையும் மனசில் வைத்துப் பதில் போடு.

ஆர்டித்


வின்னமக்கா, நெவாடா
ஆகஸ்ட் 8

மதினிக்கு,

இந்த ஊரில் ஆகஸ்டில் எதுவும் நடப்பதில்லை. உங்கள் கடிதம் நடந்தது. மகள் லூவான் உறையைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, இது அந்தப் பெரியம்மாதானே, உங்களத் திட்டுவாங்களே?" என்றாள். அவங்களேதான் என்றேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். சீட்டு விழுந்ததற்குச் சந்தோஷம். நிஜமான சந்தோஷம்.

லாடத்தை வாங்காதீர்கள். அது அண்ணத்தோடு அண்ணமாக ஒட்டினால்தான் பேசும். உங்கள் அண்ணத்தில் இப்போது பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கும், காற்று ஓரத்தில் கசியும். இதையும் மீறி வாங்குவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

கடித்து ஊதும் பீப்பிதான் உங்களுக்கு. ஒற்றைச் சீவாளி உள்ளதாகப் பாருங்கள். இரட்டைச் சீவாளி சுலபமாகப் பேசும், ஆனால் சொன்னதையே சொல்லும். ஒற்றையில் பல்லை இறுக்கினால் குரல் ஏறும், மெல்லத் தளர்த்தினால் இறங்கும். பெட்டையின் கூப்பாடு உயரத்தில் ஆரம்பித்துக் கீழே வழியவேண்டும். கோபமாகக் கடிக்காதீர்கள். என்னை நினைத்துக்கொண்டு கடிக்கவே கடிக்காதீர்கள்.

எக்காளத்துக்குச் சின்னக் குழலே போதும். பெரிய குழலை வாங்கிப் பெரிய கடா மாதிரி முழங்கினால், பெட்டைகளோடு இருக்கிற கடா அவற்றைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டிப் போய்விடும். அதற்குக் குடும்பம் முக்கியம், சண்டை அப்புறம்தான். நேற்று மீசை முளைத்த பயல் ஒருத்தன் வம்புக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தால்தான் விரட்ட வரும்.

எண்பத்தைந்தின் கடா என் எக்காளத்துக்குத்தான் வந்தது. நானும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீசையில் இருந்தது ஆப்பிள் வெண்ணெய்.

டெல்மர்


லெம்ஹை
ஆகஸ்ட் 17

டெல்மர்,

ஆப்பிள் வெண்ணெய் இல்லை. அந்த வருஷம் மே மாசக் கடைசியில் உறைபனி விழுந்து ஆப்பிள் பூவெல்லாம் கருகிப்போயிற்று. பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில்கூட ஆப்பிள் வெண்ணெய் கிடையாது. என்னிடமா?

லாடத்தையும் வாங்கினேன். நீ வாங்காதே என்ற பிறகு வாங்காமல் இருக்க முடியுமா? அடுப்பில் ஹக்கிள்பெர்ரி ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. கிளறிக்கொண்டே லாடத்தை நாக்கால் மேலே தள்ளி மூச்சைக் கட்டி ஊதினேன். லாடமும் பிளேட்டும் சேர்ந்து பறந்து ஜாமுக்குள் விழுந்தன. கரண்டியால் துழாவி எடுத்தேன். பல் ஊதா நிறமாகிவிட்டது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாயை மூடியே பாடினேன். போதகர் பக்கத்தில் வந்து, "ஆர்டித், ஏதும் மனக்கஷ்டமா?" என்று கேட்டார். சிரித்தால் தெரிந்துவிடும் என்று தலையைத் தலையை ஆட்டினேன். பாவம், எனக்காக ஜெபம் செய்தார்.

ஒற்றைச் சீவாளிப் பீப்பி நல்லது. முதல் மூன்று நாள் கதவுக் கீல் மாதிரிக் கத்தியது. நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் மகன் வேட் வந்தவன், "எம்மா, அத வண்டிக் கொட்டகையில போய் ஊதுங்க. பாலெல்லாம் திரிஞ்சிரும்" என்றான். போய் ஊதினேன். நீ சொன்னபடி கடித்து மெல்லத் தளர்த்தினேன். இறங்கியது, டெல்மர்! உயரத்தில் ஆரம்பித்து, ஏக்கமாக, வழிந்து இறங்கியது! பக்கத்துப் பண்ணை மாடுகள் வரிசையாக வேலிக்கு வந்து நின்று என்னையே பார்த்தன.

அதைவிடப் பெரிய சங்கதி. நேற்று பொழுது சாய்கிற நேரம் பின்புல்வெளியில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். மேலே ஆஸ்பென் தோப்புக்குள்ளிருந்து நிஜப் பெட்டை ஒன்று பதில் சொன்னது. "எங்கேடி இருக்கே?" என்று கேட்பதுபோல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷம் உங்கள் இருவர் பின்னால் நடந்தேன், பிஸ்கட் சுட்டுக் காப்பி போட்டேன், ஒருநாளாவது குழலை என் கையில் கொடுத்தீர்களா? "மதினி ஊதினா மலையே காலியாயிரும்." நீதான் சொன்னாய். பெரிய பாலத்துக்குப் பக்கத்தில், டயர் பஞ்சரான அன்று.

ஒன்று கேட்கவேண்டும். கூப்பிடுகிறவர் பின்னால், எய்கிறவர் முன்னால், அதுதான் முறை. கடா குரலைத் தேடி வரும்போது நடுவில் நிற்பவர் எய்வார். நான் ஒரே ஆள். பின்னாலும் நானே, முன்னாலும் நானே. என்ன செய்ய?

ஆர்டித்


வின்னமக்கா
ஆகஸ்ட் 25

மதினிக்கு,

சரி, வேர்க்கடலை.

ஊதாப் பல்லை நினைத்து நினைத்துச் சிரித்ததில் லூவான் பயந்துபோய் முதுகைத் தட்டினாள்.

தனியாளாகப் போகிறவர் கூப்பிட்ட இடத்தில் நிற்கக்கூடாது. கடாவுக்குக் காதிலேயே ஒரு வரைபடம் இருக்கிறது, குரல் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும். பெட்டை தென்படவேண்டிய தூரம் வரைக்கும் வரும், நிற்கும், பார்க்கும். பெட்டை இல்லையென்றால் திரும்பிவிடும். அது நிற்கிற தூரத்துக்கு உங்கள் அம்பு எட்டாது. அதனால் கூப்பிடுங்கள், உடனே அதன் பக்கமாகப் பாதிக் கூப்பிடு தூரம் முன்னே போய்விடுங்கள். போய் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அது உங்கள் பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டே வரும், நீங்கள் வழியில் இருப்பீர்கள். மறுபடி கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால் தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டு கூப்பிடுங்கள், தூரத்தில் இருப்பதுபோல் கேட்கும்.

காலையில் வெயில் சரிவைத் தொட்ட பிறகு காற்று மேலே ஏறும், சாயங்காலம் கீழே இறங்கும். அது உங்களுக்கே தெரியும். காற்று மாறுகிற நேரத்தில் மட்டும் எதுவும் செய்யாதீர்கள், உட்கார்ந்து ரொட்டி தின்னுங்கள். இன்னொன்று. அம்பை விட்டதும் பெட்டைக் குரலில் மெல்ல ஒரு தடவை கூப்பிடுங்கள். ஓடுகிற கடா சிலநேரம் நின்றுவிடும்.

நீ வந்து கூப்பிடு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வர முடியாது. மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். குழலை எடுத்து ஊதிப் பார்த்தேன். இரண்டாவது மூச்சில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதற்காக என்மேல் இரக்கப்பட்டு ஏதும் எழுதவேண்டாம். திட்டி எழுதுங்கள், அதுதான் நன்றாக இருக்கிறது.

டெல்மர்


லெம்ஹை
செப்டம்பர் 9

டெல்மர்! டெல்மர்!

பதில் சொல்கிறது!

ராத்திரி வீட்டில், விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு, இருட்டினால் திரும்பி வந்துவிடுகிறேன். முதல்நாள் காலையிலேயே பீப்பியைக் கடித்து ஒரு தடவை கூப்பிட்டேன். எதிர்ச்சரிவிலிருந்து எக்காளம் எழுந்தது பார், எப்படிச் சொல்வேன்! அடித்தொண்டையில் உறுமி, மேலே ஏறி, கீச்சென்று உச்சிக்குப் போய், கடைசியில் மூன்று செருமல். நான் கையுறையைக் கடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கூவியிருப்பேன்.

நாலு நாளாக இதேதான். நான் கூப்பிட்டால் அவன் பதில் சொல்கிறான். நான் நிறுத்தினால் அவனே கூப்பிடுகிறான். காலை, உச்சிப்பொழுது, சாயங்காலம், பேதமே இல்லை. சின்னக் குழலை எடுத்து மீசை முளைத்த பயல் மாதிரி ஊதிப் பார்த்தேன். அதற்கும் பதில்! கிளீட் கல்யாணத்துக்கு முன்னால்கூட என்னை இப்படித் துரத்தியது கிடையாது.

ஒன்றுதான் குறை. கிட்டே வரமாட்டேன் என்கிறான். நீ சொன்னபடி பாதிக் கூப்பிடு தூரம் முன்னே போய்ப் பார்த்தேன். அவன் நின்ற மேட்டிலேயே நிற்கிறான். கிழட்டுக் கடாவாக, ரொம்ப விவரமானவனாக இருக்கவேண்டும். கொம்பு எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. நாளை நானே ஓடையைத் தாண்டி அவன் மேட்டுக்கு ஏறப்போகிறேன். இரக்கப்படவேண்டாம் என்றாய், படவில்லை. குழலைக் கையில் எடுத்த முட்டாளே, சமையலறைத் தரை சில்லென்று இருக்குமே, கீழே ஏதாவது விரித்து உட்காரக்கூடாதா?

ஆர்டித்


வின்னமக்கா
செப்டம்பர் 12 (அஞ்சலட்டை)

மதினி, கூப்பிட்ட தடவையெல்லாம் பதில் சொல்கிற கடாவை நான் இதுவரை பார்த்ததில்லை. காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றிவந்து மோந்து பார்க்கிறானா? மரத்தில் கொம்பைத் தேய்க்கிற சத்தம் கேட்கிறதா? மூத்திர நாற்றம் அடிக்கிறதா? உச்சி வெயிலில் கடா தூங்கும், பாடாது. கொஞ்சம் கிட்டப் போய் மோந்து பாருங்கள். காப்பி வாசனை வந்தால் எனக்கு எழுதுங்கள். டெல்.


லெம்ஹை
செப்டம்பர் 16

டெல்மர்,

காப்பி வாசனை வந்தது.

உன் அட்டை வரும் முன்னாலேயே கதை முடிந்துவிட்டது. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வேட் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், எப்படியும் உன் காதுக்கு வந்துவிடும்.

பத்தாம் தேதி காலை முழங்கால் தண்ணீரில் ஓடையைத் தாண்டி, ஊன்றி ஊன்றி அவன் மேட்டுக்கு ஏறினேன். இளம்பிர்ச் மரங்கள் அடர்ந்த இடம். கிட்டத்தில் கூப்பிட்டேன். கிட்டத்திலேயே எக்காளம், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இலை அசைந்தது. அம்பைக் கோத்து வில்லைப் பாதி இழுத்தேன். புதர் விலகியது. எதிரே முகமெல்லாம் கரிபூசி, என்னைப்போலவே வில்லைப் பாதி இழுத்தபடி ஒருத்தன்.

"எய்யாதீங்க! மனுசன்! நான் மனுசன்!" என்று அலறினான்.

"மனுசன்னா மனுசன் மாதிரி கத்தேன்டா! எதுக்குக் கடா மாதிரி கத்துறே?"

"நீங்க எதுக்குப் பெட்டை மாதிரி கூப்டீங்க? நாலு நாளாச்சு! வேலைக்குப் போகாம உங்க பின்னாலயே கெறங்கிப்போய்த் திரியுறேன்!"

"என் வயசு அறுபத்தெட்டு."

அவன் வில்லைக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தான். "இத எம் பொண்டாட்டிட்ட எப்படிச் சொல்லுவேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது பார், நிற்கவே இல்லை. அவனும் சிரித்தான். சிரிக்கும்போது என் ஊதாப் பல்லைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பயந்தான்.

பேர் ராய்ஸ் டிபெட்ஸ். பொகடெல்லோவில் வீட்டுக்குக் கூரை போடுகிறவன். அவனுக்கும் இதே ஓடைக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. நான் கிழட்டுக் கடா விவரமானவன் என்று நினைத்தேன். அவன் அங்கே உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருபது பெட்டை இருக்கிறது, தலைவிப் பெட்டை ரொம்பக் கர்வக்காரி என்று நினைத்திருக்கிறான். கெட்டிலில் காப்பி போட்டுக் கொடுத்தான், மோசமான காப்பி. பேச்சோடு பேச்சாக நம் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். கொம்பு எய்தவருக்கு, பல் கூப்பிட்டவருக்கு. "நல்ல வழக்கமா இருக்கே" என்றான். ஓடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன் என்று பிரித்துக்கொண்டோம்.

நீ சிரிப்பாய். சிரி. ஆனால் யோசித்துப் பார், நாலு நாள் ஒரு ஆண்பிள்ளையை வேலைவெட்டி இல்லாமல் சுற்றவைத்த குரல் இது. மலையே காலியாகும் என்றாயே?

கவலை ஒன்றுதான். ஒரு வாரத்தை ஒரு கூரைக்காரனைக் காதலித்தே தொலைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிஜக் கடாவைக் கண்ணால் பார்க்கவில்லை. தோள் ராத்திரியில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆர்டித்


லெம்ஹை
செப்டம்பர் 24

டெல்மர்,

விழுந்தது. என் குரலுக்கு வந்து, என் அம்புக்கு விழுந்தது. மூன்று நாளாகத் தோளைத் தூக்க முடியவில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் வெள்ளை. ஒரு இடத்திலும் எக்காளம் இல்லை, மலை வாயை மூடிக்கொண்டிருந்தது. கடா படுத்துப் புரண்ட சேற்றுக்குழி ஒன்றைக் கண்டேன், தண்ணீர் இன்னும் கலங்கி இருந்தது, அந்த மூத்திர நாற்றம் மூக்கில் ஏறியது. நிஜ நாற்றம்! காப்பி இல்லை! மேலே ஏறுகிற காற்று என் முகத்தில் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. உன் பேச்சைக் கேட்டுப் பாதிக் கூப்பிடு தூரம் முன்னே போய் ஒரு ஃபிர் மரத்தடியில் முழங்காலிட்டேன். பீப்பியைப் பல்லிடுக்கிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வில்லைப் பிடித்திருந்தேன்.

சத்தமே இல்லை, டெல்மர். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு குச்சிகூட ஒடியவில்லை. வில்லோப் புதர்களுக்குமேல் கொம்பு நுனிகள் மட்டும் மிதந்து வந்தன, யாரோ காய்ந்த மரக்கிளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. பிறகு முகம். பிறகு கழுத்து, சேறு அப்பிக் கறுப்பாக. என் பழைய இடத்தைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் கூரைக்காரன் எக்காளம் இட்டான்!

கடா நின்றது. அதன் ஒரு காது திரும்பிப் பின்னால் அவன் பக்கம் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. உடம்பு அசையாமல், பல்லை மட்டும் இறுக்கி, மெல்லத் தளர்த்தினேன். குரலா மூச்சா என்று எனக்கே தெரியாத அளவுக்கு. போன காது திரும்பி வந்தது. இரண்டு காதும் முன்னால், என் பக்கம். தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்து வந்தது. முகம் ஃபிர் மரத்துக்குப் பின்னால் மறைந்த கணத்தில் இழுத்தேன். தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. விட்டேன். பாய்ந்தது, ஓடியது. பீப்பியில் கூப்பிட்டேன். நின்றது! நின்று திரும்பிப் பார்த்தது. முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து கிளீட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதேன். கொம்பு ஒவ்வொரு பக்கமும் ஆறு கிளை.

அழுது முடிக்கவில்லை, ராய்ஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"என் எக்காளத்துக்கு வந்துச்சு பாத்தீங்களா!"

"யாரோட எக்காளத்துக்கு?"

"என்னோடதுக்குத்தான்! நான் போட்டேன், அது வந்துச்சு, நீங்க எய்தீங்க. கொம்பு உங்களுக்கு, பல்லு எனக்கு. நீங்கதானே சொன்னீங்க!"

என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கவேண்டும். காது எந்தப் பக்கம் இருந்தது என்று விளக்கிச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "காதாவது மூக்காவது. கூப்ட்டவன் நான்" என்றான். நின்றபடி அவன் பேசியது அப்படியே நீ பேசியது. மீசை ஒன்றுதான் இல்லை. ஆனால் உன்னைவிட நல்லவன். வாயெல்லாம் முணுமுணுப்பு, முதுகில் பின்னந்தொடை. அத்தனை இறைச்சியையும் வண்டிவரை சுமந்து சேர்த்தான். ஈரலையும் ஒரு தொடையையும் கொடுத்தேன். பல்லைக் கொடுக்கவில்லை. இரண்டும் என் ஏப்ரன் பையில் கிடக்கின்றன.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்று நான் மரத்துக்குப் பின்னால் இருந்தேன், கடாவின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. நீ எய்தவன். அதன் முகத்துக்கு நேராக நின்றவன். காது எந்தப் பக்கம் இருந்தது, டெல்மர்? மேட்டுப் பக்கமா, ஓடைப் பக்கமா? வேறொன்றும் எழுதாதே. அதை மட்டும் எழுது.

ஆர்டித்


வின்னமக்கா
செப்டம்பர் 30

மதினிக்கு,

லூவானை உட்காரவைத்து உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். காது திரும்பி வந்த இடத்தில் நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன், சிலிண்டரை இழுத்துக்கொண்டு. "அப்பா, உக்காருங்க, அது செத்து ஒரு வாரமாச்சு" என்றாள். பிரமாதம், மதினி. அதற்குமேல் என்ன சொல்ல?

கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாது.

நான் காதைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், அது ஒன்றைத்தான் பார்த்தேன். காதைப் பார்த்தவன் ஒருத்தன் உண்டு. கிளீட். எதிர்ச்சரிவில் பைனாகுலரோடு. தோலுரிக்கும்போது அவனிடம் கேட்டேன், யாருக்கு வந்தது என்று. சிரித்தான். நீங்கள் அந்தப் பக்கம் போன பிறகு மறுபடி கேட்டேன். "இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் பொண்டாட்டி. நான் இந்தக் குளிருக்கு வீட்டுக்குள்ள படுக்கணுமா, வேண்டாமா?" என்றான். கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன். அப்போதும் சிரித்தான். பிப்ரவரியில் போய்விட்டான்.

பல் இரண்டையும் அவன் கோட்டுப் பையில் போட்டேன். சவப்பெட்டியை மூடுகிறதற்குக் கொஞ்சம் முன்னால். விடை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று பட்டது. மூடி ஆணி அடித்த பிறகுதான் நீங்கள் வந்து கேட்டீர்கள். அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வேன்? பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். உங்களுக்கே தெரியும், சொல்லியிருப்பீர்கள்.

அது என் எக்காளத்துக்குத்தான் வந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பார்க்கவில்லை.

டெல்மர்


லெம்ஹை
அக்டோபர் 8

டெல்மர்,

திறக்கச் சொல்லியிருப்பேன். சந்தேகமே வேண்டாம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லறைக்குப் போனேன். கிளீட்டைக் கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் கேட்டேன். பக்கத்துக் கல்லுக்குப் பூ வைக்க வந்தவள் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டு, என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, குறட்டை வேறு விட்டிருக்கிறான்! பதினோரு வருஷம் உன்னைத் திட்டினேன். அதில் பாதி அவனுக்குச் சேரவேண்டியது. பாதிதான். மீதி உனக்கே, அதைத் திருப்பி வாங்கமாட்டேன்.

சனிக்கிழமை ராய்ஸ் வந்தான், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. கொட்டகைக் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ஏணியைக் கேட்டு வாங்கி ஏறிவிட்டான். மேலே உட்கார்ந்துகொண்டும் அதே பேச்சு. "ஆனாலும் அது என் எக்காளத்துக்குத்தான் வந்துச்சு." டங். "ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க." டங். இப்படியே விட்டால் இவன் என்னை நினைத்து நினைத்து எங்கெங்கோ ஆணி அடித்து, பொகடெல்லோவில் ஒரு கூரையும் ஒழுகாமல் இருக்காது. கீழே இறங்கியதும் ஒரு பல்லைக் கையில் கொடுத்தேன். ஒரு காது அவன் பக்கம் போனது நிஜம்தானே, நான் பார்த்தேன். அவன் பெண்டாட்டி, "அப்போ அந்தப் பெட்டை நீங்கதானா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

இனிமேல் எனக்குச் சீட்டும் வேண்டாம், வில்லும் கிடையாது. நவம்பரில் தோளைத் திறக்கிறார்கள். ஆனால் மானைக் கூப்பிட எந்த இலாகாவும் சீட்டுக் கேட்பதில்லை, விசாரித்துவிட்டேன். அடுத்த செப்டம்பருக்கு நீ வருகிறாய். சிலிண்டரோடு வா, வேட் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுவான். ஓடைப் பக்கம் ஒருவர், மேட்டுப் பக்கம் ஒருவர். நடுவில், பைனாகுலரோடு, ராய்ஸ். கிளீட் மாதிரி வாயைப் பொத்திக்கொள்ள இவனால் ஒரு நிமிஷம்கூட முடியாது. காது எந்தப் பக்கம் போனாலும் கத்தியே சொல்லிவிடுவான்.

உனக்கு மூச்சு இல்லை என்று சாக்குச் சொல்லாதே. கடைக்குப் போய்ப் பார்த்தேன். ரப்பர் துருத்தி வைத்த ஊதல் ஒன்று வந்திருக்கிறது, வாயே வேண்டாம், கையால் அமுக்கினால் போதும். வாங்கிவைத்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று புலம்பாதே. அதில் எக்காளம் வராது. பெட்டைக் குரல் மட்டும்தான் வரும்.

ஆக, இந்தத் தடவை நீ பெட்டை. நான் கடா.

ஆர்டித்